கொடுக்கும் முன் குறைய வேண்டியிருந்தது

என் தங்கை மல்லிகாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டன. எனக்கு இரண்டும் நன்றாக இருந்தன, ரத்த வகையும் ஒன்று. ஒன்றைக் கொடுத்துவிட்டு, தையல் ஆறியதும் மறுபடி வண்டி ஏறிவிடலாம் என்று நினைத்துத்தான் சத்தீஸ்கரிலிருந்து ஜவ்வாது மலைக்கு வந்தேன்.

நான் போர் வண்டிக்காரன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, குடகில் காப்பித் தோட்டம், பிறகு ஆந்திரா, ராஜஸ்தான் என்று ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளோடு சுற்றினேன். ஓர் ஊரில் தண்ணீர் வந்தால் மறுநாள் வேறு ஊர். ஆரம்பத்தில் இரும்புக் குழாய் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு குழாய் ஏற்றிப்போகும் லாரியை ஓட்டினேன். உட்கார்ந்த வேலை, தாபாச் சாப்பாடு, பகல் தூக்கம். உடம்பு எப்போது ஏறியது என்று தெரியாது. சட்டை அளவு மட்டும் வருஷா வருஷம் மாறியது. கல்யாணம் ஒரு தடவை பேசி நின்றுபோனது. அதனால் மலையில் எனக்கு வீடு என்றால் மல்லிகாவின் வீடுதான்.

நகரத்து மருத்துவமனையில் எடை பார்க்கும் மேடையில் ஏறச் சொன்னார்கள். அங்கிருந்த பெண் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறச் சொன்னாள். செருப்பில் என்ன இருக்கிறது? இரண்டாவது தடவையும் நூற்று நான்கு கிலோதான். நான் உயரமான ஆளும் இல்லை.

டாக்டரம்மா கோபப்படாமல்தான் சொன்னார். "கிட்னி நல்லா இருக்கு துரை. ஆனா இந்த உடம்போட உங்களைத் தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போக மாட்டேன்."

காரணத்தை விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். கனத்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு சிக்கலாகலாம். காயம் ஆறாமல் சீழ் வைக்கலாம். என் சர்க்கரை எல்லைக் கோட்டில் நின்றது. எல்லாவற்றுக்கும் மேல், மிச்சம் இருக்கிற ஒற்றைச் சிறுநீரகம் இத்தனை பெரிய உடம்பைத் தனியாகச் சுமக்க வேண்டும்.

"தங்கச்சிய எழுப்பி உட்கார வெச்சிட்டு, பத்து வருஷம் கழிச்சு அதே டயாலிசிஸ் பெட்ல நீங்க படுக்கக் கூடாது. எண்பத்தாறுக்குக் கீழ வாங்க. வந்தா பார்க்கலாம்."

வெளியே காத்திருக்கும் இடத்தில் மல்லிகாவும் அவள் வீட்டுக்காரன் ஏழுமலையும் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னேன். ஏழுமலை என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"மச்சான், அது ஒரு சின்ன ஆளையே எறக்கி வெக்கணுமே."

மல்லிகா அவன் முழங்கையில் இடித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அவள் சிரிப்பது அரிது. டயாலிசிஸ் என்பது ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் கழுவி உள்ளே விடுவது. வாரத்தில் மூன்று நாள் திருப்பத்தூருக்கு பஸ்சில் இறங்கிப்போய் வருவாள். திரும்பி வந்தால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வாயில் எப்போதும் துருப்பிடித்த ருசி என்பாள். எதை வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. இப்படியே எத்தனை காலம் தாங்குவாள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சீக்கிரம் வேற கிட்னி வெச்சா நல்லது" என்று மட்டும் சொன்னார்.

முதலில் நானாகவே குறைத்துப் பார்த்தேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கொள்ளு, ராத்திரி ஒன்றும் இல்லை. ஏழு கிலோ இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. அதே கூழ், அதே கொள்ளு, எடை மட்டும் மெல்ல மேலே ஏறியது. பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. ஏழுமலை வீட்டு அடுப்பில் மொச்சைக் குழம்பு கொதித்தால், கொல்லையில் விறகு வெட்டும் நான் கோடாலியைப் போட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் வந்து நிற்பேன். தங்கச்சி உயிருக்காகக்கூட வாயைக் கட்ட முடியாதவன் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

டாக்டரம்மாவிடம் அதையே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "உங்க வாய் மேல தப்பில்லை. உடம்பு ரொம்ப நாள் சுமந்த எடையை அதோட சொந்த எடைன்னு நெனச்சுக்கும். கொறைச்சா பசியைக் கூட்டும், செலவைக் கொறைக்கும். சண்டை போடுது. சண்டைக்கு உங்களுக்கு ஒரு துணை வேணும்."

உடம்பு குறையாமல் தவிக்கிறவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால், அவர் சொன்ன வழிகளை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வயிற்றை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. அதில் சில வகைகளுக்குப் பிறகு சிறுநீரகத்தில் கல் சேரும் வாய்ப்பு கூடும், கொடுக்கப்போகிற ஆளுக்கு அது வேண்டாம் என்றார். வெட்டாத வழிகள் வேறு. தின்ற கொழுப்பு உடம்பில் சேராமல் வெளியே போக ஒரு மாத்திரை. எண்ணெயாகப் போகும், அதுவும் சிறுநீரகத்துக்கு அவ்வளவு நல்லதில்லை என்று ஒதுக்கிவிட்டார். வாய்வழியாகக் குழாய் விட்டு, வயிற்றுக்குள் ஒரு பலூனை வைத்துத் தண்ணீர் நிரப்பிவிடுவது இன்னொன்று. கொஞ்சம் தின்றாலே வயிறு நிறைந்துவிடும். சில மாதம் கழித்து எடுத்துவிடுவார்கள். கடைசியில், வாரம் ஒரு தடவை போட்டுக்கொள்ளும் ஊசி. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு சரக்கைப் போலவே செய்த மருந்து அது. மூளைக்குப் போதும் என்று சொல்லும், வயிற்றில் இருப்பதை மெதுவாக இறக்கும்.

"பலூன்னா திருவிழாவுல வாங்கிக்கிறேன்மா. ஊசியே போடுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டுப் புற்றுநோய் உண்டா, கணையத்தில் வீக்கம் வந்ததுண்டா என்று கேட்டு, சோதனை எல்லாம் பார்த்த பிறகுதான் எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், நிறைந்ததும் நிறுத்திவிட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் உடனே வர வேண்டும். இதை இரண்டு தடவை சொன்னார்.

ஊசியைக் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் குளிர்பெட்டி இருப்பது சாலையோரக் கடையில் ஒன்றுதான். கலர் பாட்டில்களுக்கு நடுவில் மஞ்சள் பையில் சுற்றி வைத்தோம். அடுத்த நாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கடைக்காரன் பெண்டாட்டி என்னை நிறுத்திக் கேட்டாள்.

"துரை மாமா, எனக்கும் ஒண்ணு போட்டு வுடேன். இடுப்பு கொஞ்சம் எறங்கட்டும்."

"இது கலர் இல்ல தாயீ, கேட்டவங்களுக்கெல்லாம் ஒடச்சு ஊத்தறதுக்கு. டாக்டரு பாத்து எழுதணும்."

"ம்க்கும். ஊர்ல இல்லாத ஊசி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் சில வாரம் குமட்டல், மலச்சிக்கல். பிறகு ஒரு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தபோது ஏதோ குறைகிறது என்று தோன்றியது. போர் போடும் இடத்தில் இரவெல்லாம் கம்ப்ரசர் அலறும். சட்டென்று நிறுத்தினால்தான் அதுவரை எவ்வளவு சத்தத்தில் இருந்தோம் என்று தெரியும், பூச்சி கத்துவது காதில் விழும். என் தலைக்குள் அப்படித்தான் ஆயிற்று. அடுத்து என்ன தின்னலாம் என்ற சத்தம் நின்றுவிட்டது. எடை இறங்கத் தொடங்கியது. தொண்ணூற்றிரண்டுக்கு வந்தபோது ஏழுமலை தன் பழைய சட்டையை எடுத்து நீட்டினான்.

அதற்குள் சாமை அறுப்பு முடிந்துவிட்டது.

எங்கள் ஊரில் புதுச் சாமை பொங்கும் நாளில், வெளியே போய்த் திரும்பியவன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை சாப்பிட வேண்டும். ஒரு வீட்டில் உட்கார்ந்து அடுத்த வீட்டைத் தாண்டிப் போனால், அந்த வீட்டோடு பேச்சு இல்லை என்று அர்த்தம். அந்த வருஷம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நான் கிட்னி கொடுக்கப்போவது எல்லோருக்கும் தெரியும். உடம்பிலிருந்து ஓர் உறுப்பை எடுக்கப்போகிறார்கள், அதற்கு முன் இவன் உடம்பைத் தேற்றி அனுப்ப வேண்டும் என்று ஊரே முடிவு செய்திருந்தது.

முனியம்மா அத்தை என் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு இல்லை. இலையில் சாமைச் சோற்றைக் குவித்து, அதன் மேல் ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றினார்.

"அத்த, எனக்கு ஒரு கை போதும். டாக்டரம்மா—"

"டாக்டரம்மா வூட்ல வேணாம்னு சொல்லு. எங்கூட்ல தின்னு. எலும்பும் தோலுமா போயி படுத்தீன்னா எத்தை எடுப்பாங்க உங்கிட்ட?"

"எலும்பு எங்க அத்த தெரியுது?"

"வாய் நல்லாத்தான் கீது. அத்தத் தொறந்து சோத்த உள்ள வுடு."

தின்றேன். அடுத்த வீட்டிலும் தின்றேன். மொச்சை, கறி, வெல்லப் பொங்கல், தேன். எல்லோரும் பாசத்தில்தான் போட்டார்கள், யாரை வேண்டாம் என்பது? பசியே இல்லாத வயிற்றில், மருந்தினால் மெதுவாக இறங்கும் வயிற்றில், பதினெட்டு வீட்டுச் சோறும் போய் நின்றது.

வாந்தி தொடங்கியது. மறுநாளும் நிற்கவில்லை. தண்ணீர் குடித்தால் தண்ணீரும் வந்தது. தின்றது வந்தால் சரியாகிவிடும் என்று நானும் படுத்துக் கிடந்தேன். சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறி, பிறகு வரவே இல்லை. மல்லிகாதான் கண்டுபிடித்தாள். அவளுக்குத் தெரிந்த விஷயம் அது. "காலைலேர்ந்து ஒண்ணுக்குப் போனியா ணா?" என்று கேட்டாள். நான் யோசித்ததிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜீப் பிடித்து இறக்கினார்கள். வளைவுக்கு வளைவு ஏழுமலை என் தலையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டு வந்தான்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் என்று ஒன்று. சதையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளினால் ரத்தத்தில் ஒன்றை ஒட்டி இருக்கும், வடிகட்டாவிட்டால் தேங்கும். இரண்டு வருஷமாக அந்தச் சொல்லை மல்லிகாவின் காகிதங்களில்தான் பார்த்திருந்தோம். இப்போது என் காகிதத்தில் மூன்றைத் தாண்டியிருந்தது.

டாக்டரம்மா கட்டிலருகே நின்றார். "உடம்புல தண்ணி வத்திப்போச்சு, அதனால கிட்னி அடி வாங்கியிருக்கு. திரும்ப வரலாம். பெரும்பாலும் வரும். ஆனா முழுசா வரலைன்னா உங்க கிட்னியை எடுக்க முடியாது. இப்போதைக்குக் கொடுக்கிறதை நிறுத்தி வெச்சிருக்கோம்."

வேறு கொடுப்பவர் இல்லை. ஏழுமலைக்கு ரத்த வகை சேரவில்லை, அம்மா அப்பா இல்லை. டாக்டரம்மா போன பிறகு ஏழுமலை இளநீர் வாங்கி வந்தான். பிறகு நர்சம்மாவிடம் கொடுக்கலாமா என்று கேட்டு, இப்போது வேண்டாம் என்றதும், அதை ஜன்னலில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கையில் சலைன் ஏறியது. கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி. வருகிற சிறுநீரையெல்லாம் அதில் பிடித்து அளந்தார்கள். ஊர் ஊராகப் பூமியைத் துளைத்து எத்தனை அங்குலத் தண்ணீர் வருகிறது என்று காத்திருந்தவன் நான். விவசாயிகள் துளையைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாய்க்குள் வேண்டிக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. இப்போது ஏழுமலை அந்த ஜாடியை அப்படித்தான் பார்த்தான்.

"மச்சான், கொஞ்சம் கூடிக்கீது."

"எவ்ளோ?"

"ஒரு டீ கிளாஸ் இருக்கும்."

"அதுக்கு ஏன்டா அழுவுற?"

"நான் எங்க அழுதேன்? தூக்கமில்ல, கண்ணு எரியுது."

டயாலிசிஸ் இல்லாத நாளில் மல்லிகா வந்தாள். மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பில் முகம் ஊதியிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் சண்டைக்கு வந்தாள்.

"நீ ஒண்ணும் குடுக்க வேணாம். எனக்கு வந்தது எனக்கு. உன்னையும் சேத்துக் கவுத்துட்டு நான் இன்னா பண்ணப்போறேன்? எயிந்து உன் லாரிக்கே போ."

"லாரிக்காரரு வேற ஆள வெச்சுட்டாரு."

"ணா, வெளையாடாத."

"வெளையாடல மல்லி. எங்க போனாலும் நீ சொவத்தப் பாத்து படுத்துக்கினு இருக்கறது கண்ணுலயே நிக்குது. அத்தோட நான் எந்த ஊர்ல வண்டி ஓட்டுவேன்?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் நூலில் கட்டிய மஞ்சள் துண்டை எடுத்தாள். எங்கள் ஊரில் சாமிக்கு வேண்டிக்கொண்டவர்கள் கையில் கட்டும் காப்பு. காப்புக் கட்டியவன் தன் வீட்டைத் தவிர வேறு வீட்டில் சாப்பிடக் கூடாது. அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்களுக்குத்தான் குற்றம்.

"எந்தச் சாமிக்கு வேண்டிக்கினே?"

"சாமி வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். கைய நீட்டு. முனியம்மா அத்தைகிட்ட கேட்டுக்கினுதான் வந்தேன். அதும் மூஞ்சியப் பாக்க முடியல, நாந்தான் புள்ளைய கெடுத்துட்டேன்னு ஒரே பொலம்பல்."

நர்சம்மா எட்டிப் பார்த்தார். "ஊசி ஏறுற கை வேணாம், அந்தக் கையில கட்டுங்க." மல்லிகா கட்டினாள். டயாலிசிசுக்காக அவள் முழங்கையில் ரத்தக் குழாய்களை இணைத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். தொட்டால் உள்ளே வண்டு முரல்வதுபோல் அதிரும். நூலை இறுக்கும்போது அந்தக் கை என் மணிக்கட்டில் பட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

கிரியாட்டினின் மெல்ல இறங்கியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதம் பொறுத்து மறுபடி எல்லாச் சோதனையும் செய்து, ஒழுங்காக இருந்தால்தான் பேச்சு என்றார்கள். ஊசியைக் கொஞ்ச காலம் நிறுத்தி, பிறகு சின்ன அளவிலிருந்து தொடங்கினார் டாக்டரம்மா. நிறுத்தியிருந்த நாட்களில் இரண்டு கிலோ ஏறியது. நிறுத்தினால் எடை திரும்பப் பார்க்கும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார், அதனால் இந்தத் தடவை நான் என்னை ஏசிக்கொள்ளவில்லை.

காப்பு வேலை செய்தது. ஒரு வீட்டிலும் சோறு என்ற பேச்சே இல்லை. ஆனால் வந்தவனைச் சும்மா அனுப்பவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. துரைக்குத் தண்ணீர்தான் மருந்து என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் எந்த வாசலைத் தாண்டினாலும் ஒரு சொம்பு வெளியே வந்தது. சும்மா இருந்தால் எனக்குக் கால் நிற்காது, நாளெல்லாம் மலைப் பாதையில் நடப்பேன். எந்த ஊர்ப் பக்கம் போனாலும், "அந்த கிட்னி ஆளு வர்றான், தண்ணி கொண்டா" என்று குரல் கேட்கும். முனியம்மா அத்தை மட்டும் நான் குடித்து முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்து நின்று பார்ப்பார்.

"முழுசா குடி. பாதி வெச்சா எனக்குத் தூக்கம் வராது."

எண்பத்தைந்து கிலோவுக்கு வந்தபோது சிறுநீரகமும் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்றார்கள். சர்க்கரையும் எல்லைக்கு உள்ளே வந்திருந்தது. அதற்குப் பிறகு, உறுப்பு கொடுக்க அனுமதி தரும் ஒரு குழு முன்னால் உட்கார வைத்தார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் தருவதாகச் சொன்னார்களா என்று கேட்டார்கள்.

"கட்டாயம்னா, சோத்துக்குத்தான் சார் கட்டாயப்படுத்தினாங்க" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. டாக்டரம்மா மட்டும் குனிந்து சிரித்தார்.

ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே ஊசியை நிறுத்திவிட்டார்கள். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் சாப்பாடு தங்கியிருக்கக் கூடாது. அந்த வாரங்களில் பசி திரும்பி வந்தது. சமாளித்தேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தள்ளுவண்டியில் படுத்துப் போகும்போது, மேலே ஓடும் விளக்குகளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண் விழித்தபோது இடுப்புப் பக்கம் பாறையை வைத்ததுபோல் வலி. ஏழுமலை குனிந்து, "ஆபரேஷன் மேஜையிலயே சிறுநீர் வந்துச்சாம் மச்சான். அவளுக்கு" என்றான். உடனே வெளியே போய்விட்டான்.

மல்லிகாவைக் கண்ணாடி போட்ட அறையில் தனியாக வைத்திருந்தார்கள். நோய் தொற்றாமல் இருக்க. என்னை எழுந்து நடக்கச் சொன்ன நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் போனேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு. என்னைப் பார்த்ததும் போனைக் காட்டி, எடு என்று கை காட்டினாள்.

"ணா, எப்பிடி இருக்கே? வலிக்குதா?"

"இன்னா பண்றே நீ?"

"தின்றேன். நாலு இட்லி தின்னாச்சு, இன்னும் பசிக்குது. உன்னுது உள்ள வந்ததிலேர்ந்து ஒரே பசி ணா. இன்னா சொல்லி வளத்த இத்த?"

புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையினால் அப்படிப் பசிக்கும் என்று பின்னால் நின்ற நர்சம்மா விளக்கினார். மல்லிகா காதில் வாங்கவில்லை. ஐந்தாவது இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தாள்.

"கேக்குதுன்னா போடு. தின்னட்டும்" என்றேன்.

தையல் இழுத்தது. உட்காரச் சொல்லி யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அவள் தின்று முடிக்கும் வரை நான் உட்காரவில்லை.